எலீஜியோ பெயர் போட்ட பீப்பாய்

அந்தத் திங்கட்கிழமை காலை தக்கையைத் திறந்து பார்த்தபோது நான்காம் பீப்பாயில் ஒயின் குறைந்திருக்கவில்லை.

இருபது வருடமாக எல்லாத் திங்கட்கிழமையும் நீவெஸ் செய்யும் வேலை அது. மரம் கொஞ்சம் குடிக்கும், காற்று கொஞ்சம் கொண்டுபோகும்; ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் அந்தப் பெரிய பீப்பாய்களில் வாரத்துக்கு இரண்டு லிட்டராவது இறங்கிவிடும். ஏணியில் ஏறித் தக்கையை எடுத்து, இறங்கிய அளவுக்கு வேறு ஒயினை ஊற்றி, விளிம்புவரை நிரப்பி மூடவேண்டும். காற்றுக்கு இடம் விட்டால் ஒயின் காடியாகிவிடும். அன்றும் முதல் மூன்று பீப்பாய்களும் வழக்கம்போலக் குடித்திருந்தன. நான்காவது மட்டும் குடிக்கவில்லை. டார்ச்சைப் பிடித்தாள். துளையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஒயின் கறுப்பாக, சிறு அசைவுமில்லாமல் நின்றது.

போன வாரம் ஊற்றியது நினைவில் தவறிவிட்டதோ என்று நினைத்துக்கொண்டு மூடினாள்.

அடுத்த திங்களன்று அது வழிந்திருந்தது. தக்கையின் ஓரத்திலிருந்து இறங்கிய ஒரு சிவப்புக் கோடு, பலகைகளின் மேல் வளைந்து வந்து, முகப்பில் செதுக்கியிருந்த பெயரின் முதல் எழுத்தில் தேங்கிக் காய்ந்திருந்தது. எலீஜியோ ஒஸ்தெங்கோ, 1979. அவளுடைய அப்பா.

அந்த வீட்டு வழக்கம் அது. திராட்சைப் பண்ணையின் பொறுப்பு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும்போது புதிதாக ஒரு பீப்பாய் செய்து, அதில் புது எஜமானின் பெயரைச் செதுக்குவார்கள். நான்கு தலைமுறை, நான்கு பீப்பாய், நான்கும் ஆண்களின் பெயர். இருபது வயதில் அதை நினைத்து ஒரு நாள் முழுக்க அழுதிருக்கிறாள் நீவெஸ். கொடியைக் கவாத்துச் செய்வதும், பழம் பறிக்க ஆள் விடுவதும், நிலவறையில் மூச்சைப் போல ஒயினைக் காப்பதும் அவள். செதுக்கப்படப்போவது தம்பி துல்லியோவின் பெயர். இப்போது அவளுக்கு நாற்பத்தொன்று. அழுகையெல்லாம் எப்போதோ வற்றிவிட்டது.

"வாயு பிடிச்சிருக்கும் அக்கா, பீப்பாய்க்கு," என்றான் துல்லியோ. ஒயினை விற்பது அவன் வேலை. நிலவறைக்கு வந்தால் சட்டைக் கையில் அழுக்குப் படுமோ என்று கைகளைத் தூக்கிக்கொண்டே நடப்பான். "உள்ள இன்னும் புளிச்சிட்டிருக்கு. பொங்குது. இதுக்கு ஏன் பேயைப் பார்த்த மாதிரி நிக்கிறே?"

"நவம்பர்ல எங்கடா பொங்கும்? குளிருக்கு ஒயின் சுருங்கும்."

"அப்ப பப்பா ராத்திரி எழுந்து வந்து தண்ணி கலக்குறாரு. விடு."

பப்பா படுக்கையில் விழுந்து ஒரு மாதமாகியிருந்தது.

என்ன நோய் என்று யாருக்கும் தெரியவில்லை. நகரத்து மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எழுபத்தாறு வயதிலும் எலீஜியோ நன்றாகச் சாப்பிட்டார். வெண்ணெய் போட்ட சோளக்களி, முட்டை சேமியா, இறைச்சிக் குழம்பில் தோய்த்த ரொட்டி, எதையும் மிச்சம் வைக்கவில்லை. ஆனாலும் இளைத்தார். வியாழக்கிழமைதோறும் ஊரிலிருந்து வரும் நர்ஸ் மஃபால்டா, எடை பார்க்கும் நாற்காலியை மூச்சு வாங்க மாடிக்குத் தூக்கி வருவாள்.

"வந்துட்டியா? ஆட்டுச் சந்தையில நிறுக்கிற மாதிரி நிறுத்துட்டுப் போ," என்பார் எலீஜியோ.

"எல்லாம் குறையுது, உங்க வாய் மட்டும் குறையலையே," என்பாள் அவள்.

அந்த வியாழனன்று அவள் சிரிக்கவில்லை. நீவெஸை வராந்தாவுக்கு அழைத்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஒரே வாரத்துல மூணு கிலோம்மா. நெஜமாவே சாப்பிடுறாரா? தட்டை எடுத்து நாய்க்குப் போடலையே?"

மூன்று. அன்று காலைதான் நான்காம் பீப்பாயில் இடம் உண்டாக்க நீவெஸ் கொஞ்சம் ஒயினை வடித்திருந்தாள். வடித்த ஒயினை ஊற்றிய கண்ணாடிக் குடுவை சமையலறை மேசையில் நின்றுகொண்டிருந்தது. மூன்று லிட்டர் குடுவை. கழுத்துவரை நிறைந்திருந்தது.

அவள் அதை நினைக்க மறுத்தாள். நினைக்க மறுப்பதற்கே அந்த வாரம் முழுவதும் போயிற்று.

டிசம்பரில் மூடுபனி இறங்கியது. அந்தக் குன்றுகளில் குளிர்காலப் பனி வந்தால் வாரக்கணக்கில் போகாது. கொடி வரிசைகள், எதிர்க்குன்றின் மணிக்கூண்டு, முற்றத்துக் கிணறு என்று ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு ஜன்னல் கண்ணாடிவரை வந்து நிற்கும். நண்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த வீட்டில், மாடியில் அப்பாவின் இருமலும், அடியில் எங்கோ ஒரு சொட்டுச் சத்தமும் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. சொட்டு. பிறகு நீண்ட இடைவெளி. பிறகு ஒரு சொட்டு. நிலவறைக்கும் சமையலறைக்கும் நடுவே இரண்டடி கல்தளம் இருந்தது. ஆனாலும் அவளுக்குக் கேட்டது.

ஒரு மதியம் கஞ்சியோடு போனபோது அப்பா போர்வையை விலக்கிக் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறுவனின் கால்கள் போல இருந்தன.

"நனைஞ்சிருக்கா பாரு."

தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தன. ஆனால் குளிர்ச்சி. வெளிக்குளிர் அல்ல, நிலவறைக் கல்லில் கை வைத்தால் எழும் குளிர்ச்சி.

"இல்லையே பப்பா."

"முட்டி வரைக்கும் நனைஞ்ச மாதிரி இருக்கு. நீ பேசுறதும் தூரத்துல கேக்குது." அவர் காதைக் குடைந்துகொண்டார். "ஜன்னலைத் தொற. ஏன் இப்படி இருட்டடிச்சு வச்சிருக்கே?"

ஜன்னல் திறந்துதான் இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவரைச் சாய்த்து உட்காரவைக்கக் குனிந்தபோது அந்த வாசனை வந்தது. நோயாளியின் வாசனை அல்ல, மருந்து வாசனையும் அல்ல. ஈர மரம், அடிமண்டி, நாள்பட்ட திராட்சைத் தோல். அவர் கழுத்து மடிப்பிலிருந்து வந்தது. அவருடைய மூச்சிலிருந்து வந்தது.

"எங்க அப்பாவும் இதையேதான் சொன்னாரு," என்றார் எலீஜியோ, கஞ்சியைப் பார்த்தபடி. "கடைசிக் குளிர்காலத்துல. கால் நனையுது, இருட்டா இருக்குன்னு. நான் காய்ச்சல்ல ஒளறாருன்னு நினைச்சேன்."  பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் வலுவே இல்லை. "நீவெஸ், என்னைக் கீழ கொண்டு போகாதே."

"யாரு கொண்டு போறாங்க பப்பா? மாடியிலதானே இருக்கீங்க."

அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

அன்றே அதை முடித்துவிடுவது என்று நீவெஸ் முடிவு செய்தாள். என்ன முடிப்பது, எப்படி என்று அவளிடம் வார்த்தை இருக்கவில்லை. உள்ளே இருக்கும் ஒயினை வெளியே விட்டுவிட வேண்டும், பீப்பாயைக் காலியாக்கிக் கழுவிக் காயவைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஒரு வருட உழைப்பு சாக்கடையில் போகும். போகட்டும். படிகளில் இறங்கும்போது பனி அவளுக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது. வளைவுக் கூரையின் விளக்குகளைச் சுற்றி மஞ்சள் வளையங்கள் நின்றன. நான்காம் பீப்பாயின் பலகைகள் வியர்த்திருந்தன. மற்ற மூன்றும் காய்ந்திருக்க, இது மட்டும் ஓடிவந்த குதிரையின் விலா போல ஈரமாகப் பளபளத்தது.

கீழ்க் குழாயை முழுதாகத் திறந்தாள்.

ஒயின் சீறிக்கொண்டு வந்தது. கல் வாய்க்காலில் விழுந்து நுரைத்து ஓடியது. இருட்டான, இனிப்பான, மூக்கை அடைக்கும் மணம். நூறு லிட்டர் போயிருக்கும். இருநூறு. அவள் காலணி நனைந்தது. பீப்பாய்க்குள் ஏதோ மெதுவாகப் புரண்டது. மீன் தொட்டியைச் சாய்த்தால் உள்ளே ஒன்று புரளுமே, அதுபோல. அவள் கையை எடுக்கவில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது.

"அக்கா!" துல்லியோவின் குரல் உடைந்திருந்தது. "எங்க போய்த் தொலைஞ்சே? பப்பாவுக்கு மூச்சு வரலை! கரையில தூக்கிப் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து... மூஞ்சியெல்லாம் நீலமாயிடுச்சு அக்கா! மேல வா!"

அவள் ஓடவில்லை. ஓடியிருக்கவேண்டும். நின்ற இடத்திலிருந்து குனிந்து குழாயை மூடினாள். ஒயின் நின்றது. ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

"அக்கா... இரு. இரு. மூச்சு வந்துடுச்சு." போனில் அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம். "வந்துடுச்சு. நல்லா விடுறாரு. என்ன எழவுடா இது."

அவள் வாய்க்காலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, நிரப்புவதற்கென்று வைத்திருந்த ஒயினும் கையில் கிடைத்த மற்ற ஒயினும் கொண்டு, வாளி வாளியாக ஏணி ஏறி, அந்தப் பீப்பாயைத் தானே திரும்ப நிரப்பினாள். மாலைவரை ஆயிற்று. ஒவ்வொரு வாளிக்கும் உள்ளிருந்து ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்ததுபோல் இருந்தது. காற்று வெளியேறும் சத்தம்தான் அது. காற்றுதான்.

இரவுச் சாப்பாட்டின்போது துல்லியோவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். "ரெண்டு நாள் தூங்கு அக்கா. அந்த நிலவறை வாசனையிலேயே கிடந்தா மனுஷனுக்குப் போதை ஏறாம என்ன ஏறும்?" பிறகு நாப்கினை வீசிவிட்டு, "இதோ, நானே போய் உன் பேய்க்கு வணக்கம் சொல்லிட்டு வரேன்," என்று இறங்கிப் போனான்.

கால்மணி நேரம் கழித்து வந்தான். அவன் சட்டைக் கை முழங்கைவரை நனைந்திருந்தது. உட்கார்ந்தான். தட்டைத் தள்ளினான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல."

"என்ன பார்த்தே?"

"ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல." அவன் நனைந்த கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். காய்ந்த பிறகும் துடைத்தான். அதற்குப் பிறகு குளிர்காலம் முழுவதும் அவன் நிலவறைப் பக்கம் போகவில்லை. கேலியும் பேசவில்லை.

ஜனவரியில் மஃபால்டா எடையைச் சொல்வதை நிறுத்தினாள். நாற்காலியின் முள்ளைப் பார்ப்பாள், நோட்டில் எழுதுவாள், கோட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். ஒரு வியாழன் வாசலில் நின்று, "என்னை மாத்திட்டு வேற ஆளை அனுப்பச் சொல்லியிருக்கேன்மா. கோவிச்சுக்காதீங்க," என்றாள். "இருபத்தாறு வருஷ சர்வீஸ். சாகுறவங்களைப் பார்த்து நான் பயந்ததில்ல." படிகளில் இறங்கும்போது சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

நீவெஸ் எல்லாக் கதவுகளையும் தட்டிப் பார்த்தாள். பாதிரியாரை அழைத்து வந்தாள். அவர் அப்பாவின் நெற்றியில் எண்ணெய் பூசினார், நிலவறைக்கு வரச் சொன்னபோது மூட்டுவலி என்றார். பெரிய மருத்துவர் ஒருவர் காரில் வந்து, அப்பாவின் உள்ளங்கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். பீப்பாயை வடித்தால் அப்பாவுக்கு மூச்சு நிற்கிறது. வடிக்காவிட்டால் இளைக்கிறார். தினமும் காலையில் துணியை எடுத்துக்கொண்டு இறங்கி, வழிந்ததைத் துடைத்துவிட்டு மேலே வந்து, அப்பாவின் சட்டையில் இன்னொரு மடிப்பு வைத்துத் தைத்தாள். அது ஒன்றுதான் அவளால் செய்ய முடிந்தது.

அவர் பேச்சும் சிறுத்துக்கொண்டே போயிற்று. முதலில் வாக்கியங்கள் போயின. பிறகு பெயர்கள். கடைசியில் உதடுகள் மட்டும் அசைந்தன. குனிந்து காதை வைத்தால், மூடிய அறைக்குள்ளிருந்து யாரோ கத்துவதுபோல் மிக மெல்லிய ஒலி. கண்கள் மட்டும் அப்படியே இருந்தன. பெரிய மனிதனின் கண்கள், குழந்தை அளவு முகத்தில். அவை அவளைத் தேடின. நேராகப் பார்த்துக்கொண்டே தேடின.

பிப்ரவரி இரண்டாம் வாரம் ஒரு விடியலில் போர்வை அசையாமல் கிடந்தது.

அடக்கத்துக்குக் குன்றுகளிலிருந்து எல்லோரும் வந்தார்கள். பெட்டியைத் தூக்க ஆறு பேர் முன்வந்தார்கள். முதல் அடியிலேயே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதி வழியில் நான்கு பேர் தோளை எடுத்துவிட்டுச் சும்மா கூடவே நடந்தார்கள்.  மண் விழுந்தபோது பெட்டிக்குள்ளிருந்து வெறும் பலகைச் சத்தம் வந்தது.

அதன் பிறகு நிலவறையில் சாப்பாடு. ஒஸ்தெங்கோ குடும்பத்தில் எஜமான் இறந்தால் அப்படித்தான். நீண்ட மேசைகள் போட்டு, அவர் பெயர் போட்ட பீப்பாயிலிருந்தே ஒயின் வார்த்து, வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கிளாஸ். வேண்டாம் என்று நீவெஸ் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஊரே வரும் அக்கா. நாலு தலைமுறையா நடக்கிறது. என்னன்னு சொல்லி நிறுத்துவே?" என்றான் துல்லியோ. அவன் முகம் சுண்ணாம்பு போல இருந்தது. ஆனால் இப்போது எஜமான் அவன். முதல் கிளாஸை அவன்தான் பிடிக்கவேண்டும்.

பிடித்தான். வெளியே நண்பகல், மேலே கம்பி போட்ட சின்ன ஜன்னல்களில் வெண்பனி ஒட்டி நின்றது. அறுபது பேருக்கு மேல். மெழுகு வாசனை, ஈரக் கம்பளிக் கோட்டு வாசனை, வெட்டிய பாலாடைக்கட்டி. ஒரு கிழவர் முதல் மிடறைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அடேயப்பா. இந்த மாதிரி நான் குடிச்சதேயில்ல."

"ஒஸ்தெங்கோ வீட்டு ருசின்னா ருசிதான்யா. நாமளும் பண்றோமே, கொடி கழுவுன தண்ணி."

"இன்னொண்ணு குடு துல்லியோ."

பத்து கிளாஸ். இருபது. வரிசை நகர்ந்தது. நீவெஸ் பீப்பாயை ஒட்டி, முகப்பின் அடியில் இருக்கும் சின்னக் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். வருடத்துக்கு ஒருமுறை உள்ளே புகுந்து கழுவுவதற்கான கதவு அது, ஒரு ஆள் தோளைக் குறுக்கினால் நுழையலாம். நடுவில் பித்தளைத் திருகு.

முப்பதாவது கிளாஸில் கேட்டது.

தட்டும் சத்தம். உள்ளேயிருந்து. மெதுவாக. நனைந்த கையால்.

அவள் துல்லியோவைப் பார்த்தாள். அவன் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளாஸ் நிரம்பி அவன் விரல்களில் வழிந்துகொண்டிருந்தது.

மறுபடி. இப்போது வேகமாக. இரண்டு கையாலும். சுற்றிலும் பேச்சு, சிரிப்பு, தட்டுகள் உரசும் ஒலி. யாரும் திரும்பவில்லை. யாருக்கும் கேட்கவில்லை.

அவள் குனிந்து திருகைப் பிடித்தாள். திருப்பினாள். கால் சுற்று. கதவின் கீழ் இடுக்கில் ஒயின் மெல்லிய தகடாக வெளியே பீறிட்டது. அதோடு ஒரு குரல். குரல் அல்ல. குரலுக்கு முன்னால் வருவது. மூச்சு.

துல்லியோவின் கை அவள் கைமேல் விழுந்தது.

"விடுடா," என்றாள். "பப்பாடா. உள்ள பப்பா இருக்காருடா."

"காலையிலதான் மண்ணு போட்டோம் அக்கா." அவன் சிரித்த முகத்தோடு, பல்லைத் திறக்காமல் பேசினான், ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. "பெட்டியை மூடுறப்ப நான் முகத்தைப் பார்த்தேன். நீயும் பார்த்தே. இதைத் திறந்தா வெளிய வர்றது யாரு? சொல்லு. யாரு?"

அவள் திருகிலிருந்து கையை எடுத்தாள்.

அவன் திருகை மூடும் பக்கம் திருப்பினான். கால் சுற்று. அதற்கு மேலும் அரைச் சுற்று. பித்தளை கிறீச்சிட்டது. உள்ளே தட்டல் நின்றது.

பிறகு தட்டல் ஒரேயடியாக, நிற்காமல் தொடங்கியது.

 அவள் சின்னக் கதவின்மேல் முதுகைச் சாய்த்தபடி கீழே உட்கார்ந்தாள். பார்த்தவர்களுக்குத் துக்கம் தாளாமல் உட்கார்ந்த மகளாகத் தெரிந்திருக்கும். ஒரு கிழவி நாற்காலி கொண்டுவரச் சொன்னாள். நீவெஸ் தலையாட்டி மறுத்தாள். ஒவ்வொருவராக வந்தார்கள். கிளாஸைக் கையில் பிடித்தபடி குனிந்து, அவளுடைய இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்கள். அவர்கள் உதடுகள் ஈரமாக, இனிப்பாக இருந்தன.

"நல்ல மனுஷன்மா. கஷ்டப்படாம போயிட்டாரு."

"நன்றி," என்றாள்.

"தைரியமா இரு நீவெஸ்."

"நன்றி."

துல்லியோ அடுத்த கிளாஸைக் குழாயில் பிடித்தான். அடுத்ததை. அடுத்ததை. கிளாஸ்கள் நிரம்ப நிரம்ப, அவள் தோள்பட்டைக்குப் பின்னால் இருந்த தட்டல் முதுகுக்கு வந்தது, முதுகிலிருந்து இடுப்புக்கு. பிறகு தட்டல் இல்லை. பலகைக்கு அந்தப் பக்கம், மிகச் சிறிய ஒரு உள்ளங்கை, விரல்களை விரித்து, கதவின் விளிம்பு எங்கே என்று மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தது.

நீவெஸ் இரண்டு குதிகாலையும் கல்தரையில் ஊன்றி, முதுகை இன்னும் அழுத்தமாக வைத்துக்கொண்டு, அடுத்து வந்தவருக்குக் கன்னத்தைக் காட்டினாள்.